தலைவரை நோக்கிய வாசல்

பிப்ரவரி 9

மதிப்பிற்குரிய கட்டடக் கலைஞர் அவர்களுக்கு,

எங்கள் பள்ளி நிர்வாகக் குழு நேற்று மாலை நான்கு மணிக்குக் கூடி, ஒன்றே முக்கால் மணி நேரம் விவாதித்து, தாங்கள் அனுப்பிய விளையாட்டு அரங்கின் அட்டை மாதிரியை வட்ட மேசையில் வைப்பதில்லை, நீள மேசையில்தான் வைப்பது என்று ஒருமனதாகத் தீர்மானித்தது. வட்ட மேசைக்கு ஆதரவாக இருந்த இருவர் கடைசி நேரத்தில் மனம் மாறினார்கள். ஒருவர் எழுந்து நின்று மாறினார். பள்ளி தொடங்கிய நாளிலிருந்து வாக்கெடுப்பு இல்லாமல் நிறைவேறிய முதல் தீர்மானம் இதுதான் என்று எழுத்தர் என் காதில் சொன்னார்.

பிறகு மாதிரியை வைத்தார்கள். அரங்கின் பின்பக்கம் குழுத் தலைவரைப் பார்த்தபடி அமைந்துவிட்டது.

“என்னம்மா இது, எனக்கு முதுகைக் காட்டுது?” என்றார் தலைவர்.

“கட்டடத்துக்கு முதுகு இருக்குங்களா சார்?” என்றேன்.

“மூஞ்சின்னு ஒண்ணு இருந்தா முதுகும் இருக்கும்ல?”

எழுத்தர் பாய்ந்து போய் மாதிரியை அப்படியே திருப்பி வைத்தார். வாசல் தலைவரைப் பார்த்தது. எல்லோருக்கும் மூச்சு வந்தது. ‘அரங்கின் வாசல் தலைவரை நோக்கி இருக்குமாறு திட்டம் ஏற்கப்பட்டது’ என்று பதிவேட்டில் எழுதி, மாதிரியின் அடிப்பலகையில் முத்திரை குத்தினார்கள். தங்கள் வரைபடச் சுருள் அழுக்காகிவிடக் கூடாது என்பதால், அதைப் பிரிக்காமலே பீரோவில் வைத்துப் பூட்டினார்கள்.

எனக்கு வேண்டிய தீர்மானம் கடைசியில் வந்தது: புதிய அரங்கு விளையாட்டுக்கு மட்டுமே. இதற்காகத்தான் போன வருடம் குழுவின் பெயரில் தங்களிடம் திட்டம் கேட்கத் துணிந்தேன். நாங்கள் இப்போது விளையாடுவது பொதுக்கூடத்தில். பிப்ரவரி பிறந்தால் அங்கே தேர்வு மேசைகள் வந்துவிடும். என் வகுப்புகள் ‘சுயபடிப்பு’ ஆகிவிடும். டிசம்பரில் குதிக்கக் கற்ற பெண்கள் ஏப்ரலில் நடக்கவே சோம்புகிறார்கள். பதினோரு வருடமாக இதே கதை. எனக்குத் தெரிந்த கட்டடக் கலைஞர் ஒரே ஒருவர். அவர் என்னோடு பேசி இரண்டு வருடம் ஆகிறது என்பதைக் குழுவிடம் சொல்லவில்லை.

இப்படிக்கு,
விளையாட்டு ஆசிரியை

பி.கு. அப்பா நலம். எங்கள் சமையலறைக் கூரைக் கண்ணாடியைப் பற்றி இந்தக் கடிதத்தில் எதுவும் எழுதுவதில்லை என்று அவரும் நானும் சேர்ந்து முடிவு செய்தோம்.


பிப்ரவரி 20

விளையாட்டு ஆசிரியை அவர்களுக்கு,

மாதிரிக்கு நல்ல மேசை கிடைத்ததில் மகிழ்ச்சி. மேசைமேல் அதை எப்படித் திருப்பினாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. அது அட்டை. தரையில் மட்டும் திருப்பக் கூடாது. ஏன் என்பதை இரண்டாம் பக்கத்தில் விளக்கமாக எழுதியிருக்கிறேன். சுருக்கம் இதுதான்: கூரை ரம்பப் பற்கள் மாதிரி வரிசையாக ஏறி இறங்கும். ஒவ்வொரு பல்லின் செங்குத்தான பக்கமும் கண்ணாடி. அந்தக் கண்ணாடி வடக்கே பார்க்கும். வடக்கு வானம் வெளிச்சம் தரும், வெயில் தராது. மாலை ஐந்து மணி வரை ஒரு விளக்கும் போட வேண்டாம். சரிவான பக்கம் தெற்கே பார்க்கும். அங்கே சூரியத் தகடுகள். கூரையில் விழும் மழை வாசல் பக்க மூலைக்கு ஓடி, திடல் ஓரத்தில் ஏற்கெனவே இருக்கிற தொட்டியில் சேரும். அஸ்திவாரத்துக்குத் தோண்டும் மண்ணிலேயே சுவர்க் கற்களை அழுத்தி எடுக்கலாம். தரைக்குப் பள்ளியின் பழைய பெஞ்சுகளின் மரம் போதும்.

கூரைக் கண்ணாடியைப் பற்றி நானும் எழுதப்போவதில்லை. ஆனாலும் ஒருவன் தன் சொந்த அக்காவின் சமையலறைக்கு ஆசையாகப் போட்டுக் கொடுத்த கூரைக் கண்ணாடியைச் சாக்குப் பாயால் மூடி, நான்கு முனையிலும் ஆணி அடித்து வைத்திருப்பதை, சாப்பிட உட்கார்ந்து நிமிர்ந்து பார்த்துத் தெரிந்துகொண்டால் அவனுக்கு எப்படி இருக்கும் என்று தாங்கள் யோசித்ததுண்டா என்றுகூட நான் கேட்கவில்லை.

கட்டடக் கலைஞர்


ஏப்ரல் 3

தம்பிக்கு,

‘அவர்களுக்கு’ எழுதிக் கை வலிக்கிறது. இனி உனக்கே எழுதுகிறேன்.

அந்த வெயிலில் அடுப்படியில் நின்று பார். அப்பா சொன்னது: “வானம் தெரியும்னு ஓட்டை போட்டான். வானம் தெரியுது, அடுப்புதான் தெரியல.” இதோடு அந்தப் பேச்சை விட்டுவிடுவோம்.

உன் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தை எழுத்தர் படிக்கத் தரவில்லை. அதில் அம்புக்குறிகள் இருந்ததால் அது ‘தொழில்நுட்பம்’ என்ற கோப்புக்குப் போயிற்று. கோப்பு பீரோவுக்குப் போயிற்று. முதல் பக்கத்தை நான் படித்தேன். பற்கள் வரை புரிந்தது.

நேற்று மேஸ்திரி வந்தார்.

“வரைபடம் குடுங்கம்மா.”

“பீரோவுல இருக்கு. சாவி எழுத்தர்கிட்ட. அவர் பத்து நாள் லீவு.”

“அப்ப எதப் பாத்துக் கயிறு அடிக்கிறது?”

தலைவர் தன் அறையிலிருந்து வராந்தாவுக்கு வந்து, நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். “வாசல் இங்க பாக்கணும். தீர்மானம் இருக்கு.” மேஸ்திரி உள்ளே போய், தலைவர் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று மாதிரியைக் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டார். வெளியே வந்து, தலைவர் நின்ற இடத்தைப் பார்த்து அஸ்திவாரக் கோட்டுக்குக் கயிறு அடித்தார். அளவெல்லாம் உன் மாதிரியில் எழுதியிருந்தபடியே. ஒரு விரற்கடை பிசகில்லை என்றார்.

நீ ஒருமுறை வந்து பார்த்தால் நல்லது.

அக்கா


ஏப்ரல் 16

அக்காவுக்கு,

வருகிறேன். குழு அழைத்தால் வருகிறேன். ‘ஒருமுறை வந்து பார்த்தால் நல்லது’ என்பது அழைப்பு இல்லை. மழை வந்தால் நல்லது என்பதைப் போன்ற ஒரு பொதுவான கருத்து. அழையாத இடத்துக்குப் போய் நின்று, என் கட்டடத்துக்கே நான் யாரென்று வாசலில் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. கடிதத்தலைப்பில் இரண்டு வரி. அது போதும்.

மேஸ்திரி வரைபடத்தைப் பார்க்காமலா கயிறு அடித்தார்? புரியவில்லை. எழுத்தர் லீவு முடிந்து வந்ததும் எடுத்துக் கொடுத்திருப்பார் என்று நினைக்கிறேன். அப்படித்தானே?

தம்பி


மே 5

தம்பிக்கு,

அழைப்பு பற்றிக் குழுவில் கேட்டேன். “உங்க கூடப் பிறந்தவர்தானேம்மா? அவருக்கு எதுக்கு அழைப்பு? சம்பந்தி வீடா?” என்றார் தலைவர். எல்லோரும் சிரித்தார்கள். நீ முறைப்படி அழைத்தால்தான் வருவாய் என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. அதனால் நானும் சிரித்தேன்.

அப்பாவிடம் சொன்னேன். “அவன் வந்தா பாயை எடுக்கணுமேம்மா” என்று கவலைப்பட்டார்.

எழுத்தர் லீவு முடிந்து வந்துவிட்டார். சுவர் அதற்குள் இடுப்பு உயரம் வந்திருந்தது. “இப்ப எதுக்கு வரைபடம், அதான் நல்லாத்தானே வருது” என்றார்.

அக்கா


செப்டம்பர் 21

தம்பிக்கு,

அரங்கு திறந்தாயிற்று. மண்கல் சுவர் அழகு. பழைய பெஞ்சு மரத்தில் தரை. ஒரு பலகையில் யாரோ முப்பது வருடத்துக்கு முன் காம்பஸால் செதுக்கிய கணக்கு இன்னும் இருக்கிறது. விடை தப்பு. சுவரின் கீழ்த் திறப்புகளில் காற்று நன்றாக வருகிறது. மின்விசிறி போடவில்லை.

சில விஷயங்கள்தான் எனக்கு விளங்கவில்லை. நீ நினைத்து வைத்ததா, தானாக நடந்ததா என்று சொல்.

ஒன்று, வெயில். மேலேயிருந்து நேராக இறங்குகிறது. தரையில் பட்டை பட்டையாக ஏழு வெயில் கோடுகள். பந்தைப் பார்க்க நிமிர்ந்தால் கண் கூசுகிறது. எட்டாம் வகுப்பில் ஸ்பிரிங் என்று நாங்கள் கூப்பிடும் ஒருத்தி இருக்கிறாள், என் கைப்பந்து அணியில் அவளைப் போல் எகிறுபவர் கிடையாது. “டீச்சர், வர்றது பந்தா வெயிலான்னு தெரியல. ரெண்டையும் அடிக்கிறேன்” என்கிறாள்.

அடுத்து மழை. போன வாரம் பெய்ததெல்லாம் கூரை வழியாக அழகாக ஓடி, ஒரு சொட்டு சிந்தாமல் தலைவரின் வராந்தாவில் வந்து கொட்டியது. திடல் ஓரத்துத் தொட்டி காய்ந்து கிடக்கிறது. தலைவர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வகுப்புகளைப் பார்வையிட்டார்.

சூரியத் தகடுகள் நீ சொன்னதில் பாதிகூடத் தரவில்லையாம். மின்வேலைக்காரர் ஏணியில் ஏறிப் பார்த்து, “நல்லாத்தான் இருக்கு, ஆனா சோகமா இருக்கு” என்றார்.

அக்கா


அக்டோபர் 2

அக்காவுக்கு,

உன் கடிதத்தை நான்கு முறை படித்தேன். குழப்பமாக இருக்கிறது.

செப்டம்பரில் வடக்கிலிருந்து வெயில் இறங்க வழியில்லை. இது என் கருத்து இல்லை. பூமி உருண்டை என்பதால் ஏற்பட்ட நிலைமை. ஆகவே நீ பார்ப்பது வெயில் அல்ல, பிரதிபலிப்பு. தரைக்கு அளவுக்கு மீறி மெருகு போட்டிருப்பார்கள். உடனே நிறுத்தச் சொல்.

மழை விஷயம், காற்று. அந்த வாரம் காற்று திசை மாறி அடித்திருக்க வேண்டும்.

தகடுகளில் தூசி. துடைக்கச் சொல்.

என் வேலையில் குறை கண்டுபிடிப்பது நம் வீட்டில் எல்லோருக்கும் எளிதாக வருகிறது. இதைக் கோபத்தில் எழுதவில்லை.

தம்பி


நவம்பர் 14

தம்பிக்கு,

மெருகை நிறுத்தினோம். தகடுகளைத் துடைத்தோம். காற்றிடமும் சொல்லிப் பார்த்தோம். எல்லாம் பழையபடியே இருக்கிறது. ஆனால் அதைப் பற்றி எழுத வரவில்லை. நடந்ததைக் கேள்.

போன மாதக் கூட்டத்தில் குழு தன் வாக்கை விழுங்கிவிட்டது. இவ்வளவு காற்றும் வெளிச்சமும் உள்ள இடத்தைப் பந்து அடிக்க மட்டும் வைத்திருப்பது வீண், தேர்வும் இனி அங்கேதான் என்றார்கள். பதிவேட்டில் இருப்பதைக் காட்டினேன். “அது அப்ப எழுதினதும்மா” என்றார் தலைவர். அன்று வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்துவிட்டேன். அப்பா எனக்குப் பிடிக்காத செய்தித் தொலைக்காட்சியைத் தானாகவே நிறுத்திவிட்டார்.

இடைப்பருவத் தேர்வுக்கு நூற்றிருபது மேசைகள் போட்டார்கள். முதல் நாள் கணிதம். ஒன்பதரை மணிக்கு முதல் வெயில் கோடு இரண்டாம் வரிசைமேல் ஏறியது. அந்த வரிசைப் பிள்ளைகள் மேசையை நிழலுக்கு நகர்த்தினார்கள். கோடும் நகர்ந்தது. மேசைகளும் நகர்ந்தன. பத்தரைக்குள் எல்லா வரிசையும் பயணம் புறப்பட்டுவிட்டது.

“உக்காருங்கடா!” என்றார் கணித ஆசிரியர்.

“உக்காந்துதான் சார் இருக்கோம். வெயில்தான் உக்கார மாட்டேங்குது.”

பதினொன்றரைக்கு முதல் வரிசை சுவரில் போய் முட்டியது. ஆறாம் வரிசை ஐந்தாம் வரிசையோடு கலந்துவிட்டது. யார் யாரைப் பார்த்து எழுதினார்கள் என்பது இனி ஆண்டவனுக்குத்தான் தெரியும். விடைத்தாள்களில் ஒரு வகுப்பு முழுக்க ஒரே தப்பு.

மறுநாள் அவசரக் கூட்டம். ‘புதிய அரங்கு தேர்வுக்குத் தகுதியற்றது. நிரந்தரமாக விளையாட்டுக்கே விடப்படுகிறது.’ முத்திரையும் போட்டாயிற்று.

தம்பி, பிப்ரவரி, மார்ச், ஏப்ரல் மூன்று மாதமும் என்னுடையவை. வலையைக் குறுக்காக மாற்றிக் கட்டினேன். இப்போது யாரும் கண்ணாடியைப் பார்த்து நிற்க வேண்டியதில்லை. பெண்கள் நிழலிலிருந்து வெயிலுக்கும் வெயிலிலிருந்து நிழலுக்கும் தாவித் தாவி ஆடுகிறார்கள். கால் வேகம் கூடியிருக்கிறது. மார்ச்சில் பள்ளிகளுக்கிடையிலான போட்டிக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். இந்தப் பள்ளியிலிருந்து முதல் தடவை.

அக்கா


நவம்பர் 25

அக்காவுக்கு,

உனக்கு மகிழ்ச்சி என்றால் எனக்கும் மகிழ்ச்சி.

‘தகுதியற்றது’ என்றா எழுதினார்கள்? அதே சொல்லா? ‘பொருத்தமில்லை’ என்றோ ‘வசதிப்படவில்லை’ என்றோ எழுதியிருக்கலாமே. முத்திரை வேறு போட்டார்களா?

ஏழு மாதம் அந்தக் கூரைக்கு மட்டும் உழைத்தேன். ஒரு வருடத்தின் ஒவ்வொரு மாதத்துக்கும் சூரியன் எங்கே நிற்கும் என்று கணக்குப் போட்டுத்தான் கூரைப் பற்களின் சாய்வை முடிவு செய்தேன். அந்தக் கணக்கு தப்பாக இருந்தால் நான் இதுவரை கட்டிய எல்லாமே தப்பு. பழைய தாள்களையெல்லாம் எடுத்து மறுபடி போட்டுப் பார்க்கிறேன். சரியாகத்தான் வருகிறது. சரியாக வர வர பயமாக இருக்கிறது.

எப்படியாவது பீரோவைத் திறந்து வரைபடத்தை எடு. அரங்கின் நடுவில் நின்று விரித்துப் பார். எது எங்கே இருக்கிறது என்று அப்படியே எழுது.

தம்பி


டிசம்பர் 5

தம்பிக்கு,

பந்துக்குக் காற்றடிக்கும் பம்ப் அந்த பீரோவில்தான் இருக்கிறது என்று சொல்லி எழுத்தரிடம் சாவி வாங்கினேன். அரங்கின் நடுவில் நின்று விரித்தேன். முதலில் ஒன்றும் சேரவில்லை. வாசல் இருக்க வேண்டிய இடத்தில் சுவர் இருந்தது. தண்ணீர் விழ வேண்டிய மூலையில் வலைக் கம்பம் இருந்தது. வேறு பள்ளியின் வரைபடமோ என்றுகூட நினைத்தேன். சலித்துப் போய் தாளைத் தலைகீழாகப் பிடித்தேன். எல்லாம் கச்சிதமாகப் பொருந்திவிட்டது.

உன் கணக்கில் தப்பில்லை. எழுத்தர் மேசையில் திருப்பி வைத்தபடியே மேஸ்திரி தரையில் கட்டிவிட்டார். உன் வடக்குக் கண்ணாடி தெற்கைப் பார்க்கிறது. தகடுகள் வடக்கைப் பார்த்துச் சோகமாக இருக்கின்றன. வாசல் மட்டும் தீர்மானப்படி தலைவரைப் பார்க்கிறது.

நான் முதல் கடிதத்திலேயே இதை எழுதியிருக்கிறேன். நீயும் படித்திருக்கிறாய். நம் இரண்டு பேரையும் ஒரே வீட்டில்தான் வளர்த்தார்கள் என்பதில் எனக்கு இனிச் சந்தேகமில்லை.

இப்போது உன்னிடம் ஒன்று கேட்கிறேன். தயவுசெய்து யாரிடமும் சொல்லாதே. அந்த வெயில் இருக்கும்வரைதான் அரங்கு எங்களிடம் இருக்கும். வெளிச்சம் சரியானால் மறுநாளே மேசைகள் வந்துவிடும். எனக்கு ஓய்வு பெற இன்னும் இரண்டு வருடம்தான். ஒரே ஒரு மார்ச் மாதமாவது என் பெண்கள் விளையாடி நான் பார்க்க வேண்டும். சுருளை எடுத்த இடத்திலேயே வைத்துப் பூட்டிவிட்டேன். பம்பை எடுக்க மறந்துவிட்டேன்.

அக்கா


டிசம்பர் 19

அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படித்ததும் முதலில் நிம்மதி. தப்பு என்னுடையது இல்லை. அடுத்த நிமிடம் தூக்கம் போயிற்று. என் பேரைச் சொல்லிக்கொண்டு ஒரு கட்டடம் திரும்பி நிற்கிறது. பார்க்கிறவர்களெல்லாம் அதை நான் அப்படி நிறுத்தியதாக நினைப்பார்கள்.

யாரிடமும் சொல்லமாட்டேன். நீ கேட்டதால் மட்டுமில்லை. நீ கேட்டது நியாயம் என்பதாலும்.

ஆனால் இதைச் சரிசெய்வது எவ்வளவு எளிது தெரியுமா? கண்ணாடிக்கு வெளியே மெல்லிய மரச் சட்டங்களை அடுக்கடுக்காகக் கிடையாகப் பதித்தால் போதும். மிஞ்சிய பெஞ்சு மரமே போதும். வெயில் சட்டத்தில் தங்கிவிடும், வெளிச்சம் மட்டும் உள்ளே வழியும். ஒரே மாலையில் வரைந்து முடித்துவிட்டேன். என் மன அமைதிக்காக வரைந்தது. யாருக்கும் அனுப்புவதாக இல்லை.

தலைவர் போன வாரம் தொலைபேசியில் பேசினார். “உங்க கட்டடத்துல உக்காந்து ஒரு வரி எழுத முடியலையே தம்பி, வேற யாரையாவது கூப்பிட்டுப் பாக்கட்டுமா?” என்றார். நான் எதையும் சொல்லவில்லை. வாயைத் திறக்கவே இல்லை. இன்று காலை அழைப்பு வந்திருக்கிறது. கடிதத்தலைப்பில், என் பெயருக்கு, முத்திரையோடு. ‘தாங்கள் நேரில் வருகை தந்து’ என்று எழுதியிருக்கிறார்கள்.

வராவிட்டால் தெரியாமல் கட்டினேன் என்று ஆகும். வந்தால் என்ன ஆகும் என்று உனக்கே தெரியும். வந்து, பார்த்து, ஒன்றும் செய்ய முடியாது என்று சொல்லிவிட்டுத் திரும்பலாம். அப்படிச் சொல்ல என்னால் முடியுமா என்றுதான் தெரியவில்லை. நீ ஒரு வழி சொல்லேன்.

தம்பி


பிப்ரவரி 3

தம்பிக்கு,

வழி சொல்ல எனக்கு நேரமிருக்கவில்லை. உன் கடிதம் என் கைக்கு வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. நீ பள்ளிக்கு வந்துபோனது அதற்கு முந்தைய நாள். நான் அன்று பெண்களைப் போட்டிக்கான வயதுச் சான்றுச் சரிபார்ப்புக்கு அழைத்துப் போயிருந்தேன். நீ வரக்கூடும் என்று அப்பா பாயின் ஆணிகளைப் பிடுங்கி, மடித்துக் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தார். நீ வீட்டுக்கு வரவில்லை. வண்டிக்கு நேரமாகியிருக்கும்.

மேஸ்திரி பொங்கல் கழிந்து வந்து, ஒன்பது நாளில் மரச் சட்டங்களைப் பதித்து முடித்தார். இப்போது அரங்குக்குள் ஒரு துளி வெயில் வருவதில்லை. நிழல் விழுவதே தெரியாத வெளிச்சம். எல்லா மூலையிலும் ஒரே அளவு. மாலை ஐந்து மணி வரை விளக்கே போடுவதில்லை. மழைநீரும் புதிதாகப் போட்ட குழாய் வழியாகத் தொட்டிக்குப் போய்விடுகிறது. “ஒரு தடவ நேர்ல வந்தார், எல்லாம் சரியாப் போச்சு. உங்க தம்பி தங்கம்மா” என்றார் தலைவர். ஆமாம் என்றேன். நீ இவ்வளவு அழகாக ஒன்றைச் செய்து நான் பார்த்ததில்லை.

“டீச்சர், இப்பப் பந்து நல்லாத் தெரியுது” என்றாள் ஸ்பிரிங். நான்கு நாள் ஆடினார்கள்.

வெள்ளிக்கிழமை வலைக் கம்பங்களைக் கழற்றினோம். போட்டியிலிருந்து பெயரைத் திரும்பப் பெற்றுக் கடிதம் அனுப்பிவிட்டேன். திங்கள்கிழமை முதல் ஏப்ரல் இருபத்தாறு வரை அரங்கில் தேர்வு. மூன்றாம், நான்காம் வரிசைகளுக்கு நான் மேற்பார்வையாளர்.

அக்கா